கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் இல்லை, மாமா

ஞாயிற்றுக்கிழமை கேரளாவின் அதிரப்பள்ளி அருவியில் எடுத்த அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "எவ்வளவு தண்ணி வீணாக் கடலுக்குப் போகுது பாருங்க, குறுக்க ஒரு அணை கட்டினா கரண்டாவது கிடைக்கும்" என்று மாமா பேசியதும், அதன் கீழே நான் மறுத்து எழுதியதும், அப்புறம் குடும்பக் குழுவில் நடந்ததும் தெரியும். இரண்டே வரியில் வெடுக்கென்று எழுதியது என் தப்பு. முழுசாகச் சொல்கிறேன்.

கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் இல்லை.

அந்த அருவி இருக்கிற சாலக்குடி ஆறு மொத்தமே 145 கிலோமீட்டர். அதில் பொரிங்கல்குத்து அணை 1957லேயே வந்துவிட்டது, பிறகு கேரளாவின் சோலையாறு. தலைப்பகுதியில் மேல்சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் என்று அடைத்து நாம் தமிழ்நாட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டோம். இத்தனைக்கும் தப்பி வந்த தண்ணீர்தான் அந்த எண்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதையும் வாழச்சாலுக்கு மேலே மறித்து, குகைப்பாதை வழியாக அருவிக்குக் கீழே கொண்டுபோய் 163 மெகாவாட் எடுப்பதுதான் கேரள மின்வாரியத்தின் திட்டம். 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த காட்கில் குழு வேண்டாம் என்றது. 2020இல் கேரள அரசு மறுபடி தடையில்லாச் சான்று கொடுத்தது.

எங்கள் அப்புச்சி தோப்பு, அப்படித் திருப்பிய தண்ணீர் வருகிற பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) கிளை வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்து எங்கள் முறை வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவார், நானும் பின்னாலேயே போவேன். ஒரு தடவை மடையில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் வந்தது. மேலே யாரோ ஹோஸ் போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அப்புச்சி சண்டைக்குப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கி, அடைத்துக்கொண்டிருந்த மட்டையையும் பாசியையும் கையாலேயே அள்ளிப் போட்டார். "மேல இருக்கறவனுக்குக் கடைமடை கண்ணுக்கே தெரியாது சாமி" என்றார். மாமா, நீங்களும் அந்தத் தோப்பு இளநீர் குடித்தவர்தானே?

சாலக்குடி ஆற்றுக்குக் கடைமடை புத்தன்வேலிக்கரைப் பக்கம். மேலிருந்து வரும் தண்ணீர் குறைந்தால் கடல் உள்ளே ஏறும், உப்பு ஏறும். மின்நிலையம் சாயங்காலத் தேவைக்கென்று தேக்கி வைத்துத் திறந்தால் ஆறு தினமும் ஏறி இறங்கும். இடைப்பட்ட நேரத்தில் கீழே பம்பு வைத்திருக்கிறவர் என்ன செய்வார்?

"ஃபேன் போடாமல் தூங்குவாயா?" என்று கேட்டீர்கள். போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். நிலக்கரியைவிட நீர்மின்சாரம் மேல் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆற்றிடம் எத்தனை தடவை கேட்பது? "சின்ன அணைதானே" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சின்னதோ பெரியதோ, மூழ்குவது ஆற்றோரத் தாழ்நிலக் காடு. இருவாச்சிப் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை வைத்து வாசலைப் பூசிக்கொண்டு அடைகாக்கிறது, ஆண் பறவை பழம் கொண்டுவந்து சின்னத் துவாரம் வழியாக ஊட்டுகிறது. அந்தக் கூடுகளைக் காவல் காக்கிறவர்கள் அங்கே வாழும் காடர் பழங்குடியினர். முந்தைய அணைகளுக்காகக் காட்டுக்குள்ளேயே இடம் மாறி மாறி வந்தவர்கள். அவர்களை இன்னும் ஒருமுறை கிளம்பச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

"பிஏபி தண்ணீரில் வளர்ந்துவிட்டு அணையைக் குறை சொல்கிறாயே" என்று எழுதினீர்களே, அதுதான் எனக்கு வலித்தது. ஆமாம், அதில் வளர்ந்தேன். அதனால்தான் பேசுகிறேன். 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் மதகு ஒன்று உடைந்தபோது நம் ஊரில் எல்லோரும் "தண்ணி பூரா கேரளாவுக்கு வீணாப் போச்சு" என்றார்கள். நானும் சொன்னேன். அப்புறம் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அது போனது அதனுடைய சொந்த ஆற்றுக்கு. நம் வாய்க்காலுக்கு வந்தால் பாசனம், அதன் வழியில் அது போனால் வீணா?

கருத்தை எடுத்துவிடு என்று நேற்று அத்தை போன் செய்தார். மரியாதைக் குறைவாக ஒரு சொல் இருந்தது, அதை மட்டும் எடுத்துவிட்டேன். மற்றது அப்படியே இருக்கும், அத்தை. பொங்கலுக்கு வரும்போது மாமாவிடம் நேரிலும் சொல்வேன்.