சீனர்கள் நமக்கு ஓட்டுப் போடமாட்டார்களா?

இங்கே சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "சீனன் சீனனுக்குத்தான் ஓட்டுப் போடுவான். நம்மாள் தனியா நின்னா டெபாசிட் போயிடும்" என்று பேச வந்த ஓர் அண்ணன் மைக்கைப் பிடித்துச் சொன்னார். அரங்கமே கைதட்டியது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகளும் தட்டினாள். இன்னும் இரண்டு வருடத்தில் முதல் ஓட்டுப் போடப் போகிறவள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அத்தனை பேர் இருந்த அரங்கில் ஒருவர் வாயிலிருந்துகூட ஆன்சன் என்ற பெயர் வரவில்லையே!

1981 அக்டோபர் 31. ஆன்சன் தொகுதி உறுப்பினராக இருந்த தேவன் நாயர் அதிபரானதால் இடம் காலியாகி இடைத்தேர்தல் வந்தது. நகரத்தின் நடுவே, தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. வாக்காளர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சி நிறுத்தியது பங் கிம் ஹின் என்ற சீனரை. எதிரே எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்னம். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், கிறிஸ்தவர், அதற்கு முன் நின்ற தேர்தல்களில் எல்லாம் தோற்றவர். பத்து மாதத்துக்கு முன்புதான் ஆளுங்கட்சி 75 இடங்களையும் வாரிச் சுருட்டியிருந்தது. ஆன்சனில் மட்டும் 84 விழுக்காடு. அந்த இடத்தில் ஜெயரத்னம் 7,012 வாக்கு வாங்கினார், பங் 6,359. சுதந்திரத்துக்குப் பிறகு எதிர்க்கட்சிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

தமிழர் ஓட்டு மட்டும் விழுந்திருந்தால் 7,012 எங்கிருந்து வந்திருக்கும்? அண்ணன் பதில் சொல்லட்டும்.

அந்தத் தொகுதியில்தான் எங்கள் ஒற்றை அறை வாடகை வீடு இருந்தது. அப்பா கப்பலில் மூட்டை தூக்கியவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியை ஆ சிம் என்று கூப்பிடுவோம். அவரும் அப்பாவும் உடைந்த மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். பிளேர் பிளெய்ன் என்ற குடியிருப்பைப் பற்றிய பேச்சுதான் அப்போது எங்கும். கொள்கலன் முனையம் கட்டுவதற்காக அந்தக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மாற்று வீட்டுக்கு முன்னுரிமையும் கிடையாது. ஆ சிம்மின் மகன் குடும்பம் அங்கே இருந்தது. ஜெயரத்னம் என்ற பெயர் ஆ சிம் வாயில் கடைசிவரை நுழையவில்லை. 'துக்குல்' என்பார். மலாயில் சுத்தியல், அதாவது கட்சிச் சின்னம். முடிவு தெரிந்த ராத்திரி கதவைத் தட்டி, ஒரு கையை முஷ்டியாக்கி இன்னொரு உள்ளங்கையில் டொக் டொக்கென்று குத்திக் காட்டினார். அப்பா சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அதைப் பார்த்தவன் நான். என்னிடம் வந்து சீனர் ஓட்டுக் கணக்கு சொல்லாதீர்கள்.

"அது அரசாங்கத்தின் மீது இருந்த கோபம், தமிழர் மேல் பாசமில்லை" என்று உடனே ஒருவர் வருவார். சரி, நானும் அதைத்தானே சொல்கிறேன்! பாசம் யாருக்கு வேண்டும்? தன் வீட்டுக்காக யார் பேசுவார் என்று பார்த்து அவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

"ஒரு தடவை அதிர்ஷ்டம் அடித்தது" என்பவர்கள் 1984ஐப் பாருங்கள். அதே ஆன்சன், அதே ஜெயரத்னம், கிட்டத்தட்ட 57 விழுக்காடு, முன்பைவிட அதிகம். "அது அந்தக் காலம்" என்றால், 2016இல் புக்கிட் பாத்தோக் இடைத்தேர்தலில் ஒரு சீனரை எதிர்த்து முரளி பிள்ளை 61 விழுக்காடு வாங்கியது எந்தக் காலம்? 2023 அதிபர் தேர்தலில் இரண்டு சீனர்களை எதிர்த்துத் தர்மன் 70.4 விழுக்காடு வாங்கினாரே? "தர்மன் வேறப்பா" என்பீர்கள். ஜெயரத்னமும் வேறு, முரளியும் வேறு. ஜெயிக்கிற ஒவ்வொருவரையும் விதிவிலக்காக்கிவிட்டால் விதி மட்டும் எப்படிப் பொய்யாகும்?

1988இல் குழுத்தொகுதி வந்தது, அதாவது பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் தொகுதி. ஒவ்வொரு குழுவிலும் ஒரு சிறுபான்மையினராவது இருக்க வேண்டும். அது தேவையா இல்லையா என்ற சண்டைக்கு நான் இப்போது வரவில்லை. ஆனால் யாராவது கூட்டிக்கொண்டு போனால்தான் நாம் உள்ளே போக முடியும் என்று நாமே நம்ப ஆரம்பித்துவிட்டோம். எனக்கு வலிப்பது அதுதான்.

இனவாதமே இங்கு இல்லை என்று சொல்ல நான் முட்டாளில்லை. வாடகைக்கு வீடு தேடியபோது என் பெயரைக் கேட்டதும் "இந்தியருக்குத் தருவதில்லை" என்று போனை வைத்தார்கள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. மனைவி அப்போது எட்டு மாதக் கர்ப்பம். அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். ஆனால் அந்தப் போனை வைத்தவரை மட்டும் சீனர் என்று எண்ணிக்கொண்டு, ஆ சிம்மை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஜெயரத்னம் திவாலான பிறகு தெருவில் நின்று தன் புத்தகத்தை விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன். அவர் முன்னால் சீனப் பையன்கள் இரண்டு பேர் காசை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் நேரமாகிவிட்டது என்று நிற்காமல் போய்விட்டேன். 2008இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் காலைதான்.

ஆன்சன் தொகுதி இன்று வரைபடத்திலேயே இல்லை. அடுத்த கூட்டத்தில் மைக்கை எனக்குக் கொடுங்கள் அண்ணே, ஐந்து நிமிடம் போதும். மகளையும் அழைத்து வருகிறேன்.