எங்கள் அப்பச்சியைக் கலங்க வைத்த அந்தச் சிவப்புத் திரை

வயிறு எரிகிறது. கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. முன்னோருக்குப் படையல் போடுகிற படைப்பு வீட்டு வரவு செலவு, பங்காளிகளின் புள்ளிக் (குடும்ப வாரியான) கணக்கு, சிங்கப்பூர் அண்ணனோடு வீடியோ கால், எல்லாம் அதில்தான். 74 வயதில் அப்பச்சி, அதாவது என் அப்பா, யார் துணையும் இல்லாமல் எக்செல் பழகியவர்.

போன செவ்வாய்க்கிழமை திரை முழுக்கச் சிவப்பு. காது கிழிகிற சைரன். ட்ரோஜன் என்ற திருட்டு புரோகிராம் புகுந்துவிட்டது, வங்கி விவரம் திருடு போகிறது, கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று இங்கிலீஷில் ஒரு பெண் குரல் ஓயாமல். அணைக்கக் கூடாது என்றதால் அவர் அணைக்கவில்லை. காரைக்குடியிலிருந்து நான் பஸ் பிடித்து வரும் வரை, ஸ்பீக்கர் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "தம்பி, எதையோ கெடுத்துட்டேன்" என்றார். குரல் நடுங்கியது.

அவர் ஒன்றையும் கெடுக்கவில்லை! அது வைரஸே இல்லை, முழுத்திரையில் விரிந்த வெறும் வெப்சைட் பக்கம். எஸ்கேப்பை அழுத்திப் பிடித்தேன், விலகியது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் குரோமை நிறுத்தினேன். சைரன் செத்தது. மறுபடி திறந்தபோது பழைய பக்கங்களை ரீஸ்டோர் செய்யட்டுமா என்றது, விட்டுவிட்டேன். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதே இல்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்புறமும் வலது கீழ் மூலையில் "5 வைரஸ்கள்" என்று ஒவ்வொரு பெட்டியாக முளைத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், பெட்டிக்குள் பொடி எழுத்தில் குரோம் பெயரும் ஏதோ ஒரு வெப்சைட் பெயரும். பேத்திக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கப் போன இடத்தில், "நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலோவை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கிறான். மனுஷன் ரோபோ இல்லை, அழுத்தினார். அந்த அலோதான் நோட்டிஃபிகேஷன் பெட்டிகளை அனுப்ப அவனுக்குக் கிடைத்த அனுமதி. செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தப் பெயரை நீக்கினேன். இனி எந்த வெப்சைட்டும் அனுமதி கேட்கவே கூடாது என்றும் வைத்தேன். இரண்டு நிமிட வேலை.

இந்த இரண்டு நிமிட வேலைக்கு ஒரு கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்க்காமலேயே போனில் சொன்ன வைத்தியம்: எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுகிற ஃபார்மட், 1,500 ரூபாய். டேட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐயா (எங்கள் தாத்தா) பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்களை அப்பச்சி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்தது அதில்தான் இருக்கிறது. போயிருந்தால்?

இது இன்று நேற்று வந்த களவாணித்தனமும் இல்லை. போலி ஸ்கேன் காட்டிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றியதாக 2008-லேயே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு கும்பல் மேல் வழக்குப் போட்டது. 2012-ல் 16 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. அதே பயமுறுத்தல் இன்று எங்கள் முகப்பு வரைக்கும் வந்து நிற்கிறது.

சில சமயம் நிஜமாகவே ஒரு போலி ஆன்டிவைரஸ் உள்ளே ஏறிவிடும். அப்போது முதலில் நெட்டைத் துண்டியுங்கள். இன்ஸ்டால்ட் ஆப்ஸைத் தேதி வாரியாக அடுக்கி, புதிதாக ஏறியதைத் தூக்குங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களையும் பாருங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். ரீஸ்டார்ட் ஆகிக் கால் மணி நேரம் எடுக்கும், காசு கிடையாது. அந்த எண்ணுக்குப் பேசி கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இயக்க விடுகிற எனிடெஸ்க் போட்டுக் கொடுத்திருந்தால், வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அந்த வெட்கம்தான் அவர்களுக்கு முதலீடு.

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) கூடிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் "இந்த வயசுல இவருக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார்கள். ஏமாற்றியவனை ஒருவர்கூடத் திட்டவில்லை! கவனமாக இருக்கிற மனிதரின் கவனத்தையே பிடித்து ஆட்டியிருக்கிறான், பேச்சு வாங்குவது அவரா?

அவருக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனி அக்கவுன்ட் போட்டேன். கடிதங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, வயரைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். இரண்டு நாளாக கம்ப்யூட்டர் மேல் துணி மூடியே கிடந்தது. நேற்று ராத்திரி அண்ணன் கூப்பிடுகிற நேரத்துக்கு மெதுவாக வந்து கேட்டார்: "தம்பி, இப்ப தொடலாமா?"