பிள்ளைக்கு நாலு நாள் தங்க நம் ஊரிலேயே ஓர் இடம் வேண்டும்

இன்று கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு உங்கள் கோயில் கமிட்டியில் இருப்பவர்களுக்கும் அனுப்புங்கள்.

மனம் நொறுங்கி, இனி வாழ வேண்டாம் என்ற எண்ணத்துக்குப் போய்விட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்தில் ஒரு சாதாரணக் குடும்பம் எங்கே போகும்? ஒன்று வீடு, இல்லையென்றால் ஆஸ்பத்திரி வார்டு. நடுவில் ஒன்றும் கைக்கு எட்டுவதில்லை.

சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, மகனுடைய அறை வாசலில் பாய் போட்டுத்தான் படுக்கிறார். பையன் மெட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வருஷம் படிக்கிறான். சமையலறைக் கத்தி, பாட்டியின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கார் டிக்கியில் பூட்டிக் கிடக்கின்றன. பாட்டிக்கு மாத்திரை நேரம் வந்தால் யாராவது சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். ஒரு ராத்திரி ரொம்ப மோசமாகி, பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். விடிய விடிய பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவர்கள் வார்டில்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அந்த வார்டை எட்டிப் பார்த்த அம்மா, பையனைத் திரும்ப வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அந்த டாக்டர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. ஐந்தாறு படுக்கை போட்ட ஒரு வீடு. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ், பகலில் கவுன்சிலர், கூப்பிட்டால் வரும் மனநல மருத்துவர். பிள்ளை மூன்று நாலு ராத்திரி அங்கே தங்கட்டும். அம்மா சாயங்காலம் சோறு கொண்டு வந்து கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். அம்மா தூங்குவதும் இந்தச் சிகிச்சையில் பாதி என்பேன். உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும் பிள்ளைக்கு ஆஸ்பத்திரிதான் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த எல்லைக்குப் போகாமல் தடுக்கவும், அங்கிருந்து திரும்பி வரும் பிள்ளைக்குக் கொஞ்சம் மூச்சு விடவும்தான் இந்த வீடு.

இதைச் சொன்னால் உடனே "லைஃப் எசிடிமெனி ஞாபகமில்லையா?" என்கிறார்கள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2016ல் கவுடெங் மாகாணத்தில், லைஃப் எசிடிமெனி என்ற தனியார் மனநல இல்லங்களிலிருந்து மனநோயாளிகளை அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். 144 பேர் செத்துப் போனார்கள். சுகாதாரத் துறைப் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஒம்புட்ஸ்மன் மகோபா விசாரித்தபோது, அந்த 27 நிறுவனங்களில் ஒன்றுக்குக்கூடச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தது. பழைய இடத்தில் ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு 320 ரேண்ட் செலவு, புதிய இடங்களுக்கு ஒதுக்கியதோ 112 ரேண்ட். சோறும் போர்வையும் ஆளும் இல்லாத வீட்டுக்கு நோயாளியை அனுப்பிவிட்டு, சமூகப் பராமரிப்பு தோற்றுவிட்டது என்று சொல்வது நியாயமே இல்லை. லைசென்ஸும் முழுப் பணமும் இல்லாமல் ஒரு படுக்கைகூடத் திறக்கக் கூடாது என்பதுதான் அந்த 144 பேரும் நமக்கு விட்டுப்போன நிபந்தனை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2016/17 கணக்கை ஆராய்ந்தவர்கள் சொன்னது இது: பொது சுகாதாரச் செலவில் மனநலத்துக்குப் போனது 5 சதவீதம். அதிலும் 86 சதவீதம் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கே போய்விட்டது. டிஸ்சார்ஜ் ஆனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் திரும்ப வந்து சேர்ந்தார்கள். அப்படித் திரும்ப வருகிறவர்களுக்கு ஆகிற செலவில் ஒரு பங்கை முன்கூட்டியே நம் தெருவுக்குக் கொண்டு வாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நம் பங்கும் உண்டு. அந்தக் காலத்தில் நம்மவர்கள் அரசு உதவிப் பள்ளிகளை எப்படிக் கட்டினார்கள் என்று வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கரும்புத் தோட்டத்துக் கூலியிலிருந்து காசு சேர்த்துக் கட்டடத்துக்குப் பாதி இவர்கள் போட, பாதி அரசு போட்டது. வாத்தியார் சம்பளம் அரசுடையது. இந்த வீட்டுக்கும் அதே ஏற்பாடுதான் சரி. இடமும் கட்டடமும் நாம் தருவோம், ராத்திரி நர்ஸின் சம்பளத்தை மாகாண சுகாதாரத் துறை வருஷா வருஷம் தரட்டும்.

ஏன் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், நம் ஆட்கள் கட்டடத்துக்குத் தாராளமாகக் கொடுப்பார்கள். பெயர்ப் பலகை வைக்கலாம், படம் எடுக்கலாம். நாலாவது வருஷம் ஒரு புதன்கிழமை ராத்திரி ஷிப்டுக்கு யார் கொடுப்பார்கள்? நன்கொடையை நம்பி ஆள் வைத்தால், நன்கொடை நின்ற மாதம் ஆளும் நின்றுவிடுவார். பிள்ளையின் உயிரை அப்படி ஒரு கணக்கில் வைக்க முடியாது.

வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் அங்கீகாரம் வாங்கிய அமைப்புக்குக் கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். கடை வைத்திருப்பவர்கள், கம்பெனி நடத்துபவர்கள் தங்கள் அக்கவுண்டன்டிடம் இதைக் கேளுங்கள்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைக்காகக் காவடி எடுக்கும் தாயின் கண்ணீர் எனக்குத் தெரியும். காவடியும் எடுக்கட்டும், மாத்திரையும் கொடுக்கட்டும். ஆனால் "வெளியே சொல்லாதே, தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகாது" என்று ஒரு பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

பீனிக்ஸிலோ சாட்ஸ்வொர்த்திலோ வாரத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கும் ஹால், காலி வீடு உங்கள் சங்கத்திடம் இருந்தால் கீழே எழுதுங்கள். நர்ஸ், சோஷியல் வொர்க்கர், லைசென்ஸ் வேலை தெரிந்த வக்கீல் யாராவது இருந்தாலும் எழுதுங்கள். முதல் கூட்டத்துக்கு நானே ஆள் சேர்க்கிறேன். இன்று ராத்திரியே உதவி தேவைப்படும் வீடு இருந்தால் காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவும் சாடாக் (SADAG) அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.