உண்மையைச் சொன்ன நாட்டுக்குக் கிடைத்த தண்டனை

2021 நவம்பர் 24. புதுவகைக் கொரோனா கிருமி ஒன்று பரவுவதாகத் தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்திடம் தெரிவித்தது. பிறகு ஒமிக்ரான் என்று பெயரிடப்பட்ட அதன் மரபணு விவரங்களை, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒளிக்காமல் உலகத்தின் முன் வைத்தார்கள். பதிலுக்கு என்ன கிடைத்தது? பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளுக்குக் கதவடைத்தன. நெதர்லாந்தில் நவம்பர் 19 அன்றே எடுத்த மாதிரியிலும் இந்தக் கிருமி இருந்தது பின்னர் தெரியவந்தது. தடை என்னவோ சொன்னவர்கள் மீதுதான் விழுந்தது.

கொள்ளைநோயும் உலக அரசியலும் என்றால் அமெரிக்க, சீன மோதலைத்தான் பெரும்பாலோர் பேசுகிறார்கள். அதுவும் சிறிய விஷயமில்லை. உலகெங்கும் போர்நிறுத்தம் வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரெஸ் 2020 மார்ச் 23 அன்று கேட்டார். அதை ஆதரிக்கும் தீர்மானத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று இரு வல்லரசுகளும் இழுபறி செய்ததில் ஐ.நா. பாதுகாப்பு அவையின் அந்தத் தீர்மானம் ஜூலை 1 வரை தள்ளிப்போனது. ஆனால் என்னை அதிகம் அச்சுறுத்துவது வேறு: நோயை மறைப்பதே லாபம் என்று அரசுகளுக்கு நாம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது கொரோனாவோடு தொடங்கியதுமில்லை. 2007இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் கிருமி மாதிரிகளைத் தர மறுத்தது. நாங்கள் கொடுக்கும் கிருமியிலிருந்து பணக்கார நாட்டு நிறுவனங்கள் தடுப்பூசி தயாரிக்கும், அதை வாங்க எங்களுக்கு வசதி இருக்காது என்பது அதன் வாதம். மாதிரி தர மறுத்தது ஆபத்தான செயல்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் கொரோனா தடுப்பூசி, மருந்து போன்றவற்றுக்குக் காப்புரிமைத் தளர்வு கேட்டன; தடுப்பூசிக்கு மட்டும் சுருங்கிய ஒரு முடிவு வர 2022 ஜூன் ஆனது. அதற்குள் எத்தனை உயிர்கள் போயின!

நோயை எதிர்த்து நாடுகள் ஒத்துழைப்பது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். பெரியம்மையை ஒழிக்கும் திட்டத்தை 1958இல் முன்வைத்தது சோவியத் ஒன்றியம். பனிப்போர் நடக்கும்போதே அமெரிக்காவும் அதில் கைகோத்தது. 1980இல் அந்த நோய் ஒழிந்ததாக உலகம் அறிவித்தது.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை கொள்ளைநோய் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. கிருமி மாதிரியைப் பகிரும் நாட்டுக்குத் தடுப்பூசியில் என்ன பங்கு என்ற கேள்வியை மட்டும், ஒப்பந்தத்தோடு பின்னர் சேர்க்கும் தனி இணைப்புக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்த இணைப்பு நிறைவேறாமல் ஒப்பந்தம் கையெழுத்துக்கே வராது. என்னைக் கேட்டால், ஒப்பந்தத்தின் உயிரே அந்த இணைப்பில்தான் இருக்கிறது. முதலில் உண்மை சொல்லும் நாட்டுக்குத் தடுப்பூசியிலும் முதல் பங்கு, பயணத் தடையால் அது இழக்கும் வருமானத்துக்கு ஈடு. இந்த இரண்டையும் எழுத்தில் உறுதியாகக் கேட்க வேண்டும், நம் அரசு உட்பட எல்லா அரசுகளிடமும்.