ஒரு உதாரணத்துக்குத்தான் கேட்டேன் தாயே!

பதினோரு நிமிஷம். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எச்.ஆர். பெண்ணிடம் பேசிவிட்டு போனை வைத்தது 3.07. "எல்லாம் நலமா? சும்மா ஒரு சின்ன கால் பேசலாமா?" என்று மேனேஜரிடமிருந்து மெசேஜ் வந்தது 3.18. நான் பிரசவ லீவில் இருக்கிறேன்; பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட ஐந்து மாதமாகக் கேட்காத மனுஷன்!

நான் கேட்டது ஒரே கேள்வி. அதைக் கேட்பதற்காக முக்கால் மணி நேரம் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்து, தூளியில் கிடத்தி, கயிறு கிறீச்சிடாமல் கையை உருவிக்கொண்டு, பால்கனிக் கதவைச் சாத்திக் குசுகுசுவென்று கேட்டேன். "ஒரு உதாரணத்துக்கு, வேலையை விடுறேன்னு பேப்பர் போடணும்னா எப்போ போடணும்?"

"அக்கா, நீங்க திண்டுக்கல்லா? நான் பழநி!" என்றாள். அங்கேதான் கவிழ்ந்தேன். பெங்களூரில் ஒருத்தர் நம்ம பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டால் போதும், ஏடிஎம் பின் நம்பர் வரைக்கும் சொல்லிவிடுவோம். "தங்கச்சியா நெனச்சுச் சொல்லுங்கக்கா, யார்கிட்டயும் போகாது." உண்மைதான். பதினோரு நிமிஷம் யாரிடமும் போகவில்லை.

தங்கச்சி சொன்ன விவரம் இது. லீவில் இருக்கும்போது பேப்பர் போட்டால் நோட்டீஸ் பீரியட் ஓடாதாம். திரும்பி வந்த நாளிலிருந்துதான் 90 நாள் கணக்காம். அதாவது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வேலையை விடுகிறவள், முதலில் பிள்ளையை விட்டுவிட்டு மூன்று மாதம் வேலைக்கு வரணும். வரவில்லை என்றால்?

"ரெக்கவரி வரலாம்கா."

எதை?

"லீவ்ல குடுத்த சம்பளத்தை."

எந்தச் சட்டத்தில்?

"பாலிசிக்கா."

சரி, அந்தப் பாலிசியை அனுப்பு.

"இன்ட்ராநெட்ல இருக்குக்கா."

என் லாகினைத்தான் லீவு போட்ட அன்றைக்கே முடக்கிவிட்டீர்களே?

"ஆமால்லக்கா!" என்று சிரிக்கிறாள்.

பிரசவ லீவுக்கு 1961லேயே சட்டம் போட்டாயிற்று. 12 வாரத்தை 2017இல் 26 ஆக்கினார்கள். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். நான் நாலு வருஷமாக அல்சூரிலிருந்து பெல்லந்தூருக்குப் போய் வந்தவள், மழை நாளில் ரிங் ரோட்டிலேயே குடியிருந்தவள். திரும்பி வா, வராவிட்டால் காசைக் கக்கு என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. பிரசவமானதற்கு அத்தாட்சி கொடுத்த 48 மணி நேரத்துக்குள் மீதிப் பணத்தைக் கொடுத்துவிடணும் என்றுகூட எழுதியிருக்கிறது. எனக்கென்னவோ மாசாமாசம் சொட்டு மருந்து மாதிரிதான் வருகிறது. அதனால்தான் இந்தத் திருட்டு முழி எல்லாம். "கடைசிச் சம்பளம் ஏறட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதே" என்கிறாள் கூட வேலை பார்த்தவள். "மார்ச் போனஸை வாங்கிட்டு விடேன்" என்று எக்செல் போட்டுக் காட்டுகிறார் கணவர். ஏதோ பேங்கைக் கொள்ளையடிக்கத் திட்டம் போடுகிற மாதிரி இருக்கிறது வீடு.

இதில் மாமியார் வேறு. "சும்மா உக்காந்து வாங்கின காசும்மா, போய் ஒரு ரெண்டு மாசமாவது உழைச்சுக் குடுத்துட்டு வா, பாவம்." சும்மாவா? தையல் பிரிக்காத வயிற்றோடு ராத்திரி மூன்று மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேனே, அதற்குப் பெயர் சும்மாவா அத்தை?

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வசதி இருக்கணும். எங்கள் ஆபீஸிலும் இருக்கிறது. இரண்டாவது மாடியில், சறுக்குமரம், சுவரில் யானைப் படம். ஒரு வயசு நிரம்பிய பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்களாம். லீவு முடிவது ஆறாவது மாசம். நடுவில் உள்ள ஆறு மாசம் பிள்ளையை ஃப்ரிட்ஜில் வைப்பதா? தமிழ்நாட்டு அரசு ஸ்கூலில் டீச்சராக இருக்கும் என் சித்தி பெண்ணுக்கு ஒரு வருஷம் லீவு, 2021லிருந்து அங்கே அதுதான் விதி. டி.எட். படி என்று அப்பா தலையால் அடித்துக்கொண்டார். கேட்டேனா? அந்த அப்பா ஊரில் மெஸ் சாப்பாட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு வருகிற 28ஆம் தேதி ரிட்டர்ன் டிக்கெட்.

நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். "ஒன்றுமில்லை சார், ஒரு உதாரணத்துக்குத்தான் கேட்டேன்" என்றேன்.

"நல்லது, நல்லது. அப்போ ஒரு உதாரணத்துக்கு, உங்க ப்ராஜெக்டை வேற ஒருத்தருக்கு மாத்திடலாமா?"

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அம்மா பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "என்னடி, சம்பளம் ஏத்திட்டாங்களா?"

பதில் சொல்ல வாயெடுக்கிறேன், காலிங் பெல். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. 'குழந்தை தூங்குகிறது, பெல் அடிக்காதீர்கள்' என்று தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் எழுதி, அந்த பெல் சுவிட்ச் மேலேயே ஒட்டியிருக்கிறேன். அந்தக் காகிதத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்தியிருக்கிறான் மகராசன். தூளியிலிருந்து வீல் என்று ஒரு சத்தம். பார்சல் யாருக்கு? எதிர் வீட்டுக்கு.