உடைந்த அதிரசம்

போன வருடத் தீபாவளிக்கு முந்தைய இரவு. மணி பதினொன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். விளக்கைப் போடச் சோம்பல்பட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அந்த வெளிச்சத்தில், முறுக்கு டின்னுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக அம்மா நின்றுகொண்டிருந்தார். வாய் அசையாமல் நின்றுவிட்டது. கை முந்தானைக்குள்.

"உடைந்து போனதுடா. வீணாய்ப் போகுமே என்றுதான்..."

அம்மாவுக்கு 72 வயது. நான்கு நாட்களுக்கு முன்பே பச்சரிசியை ஊறவைத்து, ஈரம் போயும் போகாமலும் நிழலில் உலர்த்தி, மெஷினில் கொடுத்து அரைத்தவர். வெல்லப்பாகைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அது விரலில் உருளுகிறதா என்று மூன்று முறை பார்த்த பிறகுதான் மாவைக் கொட்டினார். அன்று மாலை முழுவதும் அடுப்படியில் நின்று, வெந்த ஒவ்வொன்றையும் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து எண்ணெயை அழுத்தி எடுத்து, அறுபது அதிரசம் சுட்டார். அப்படிப்பட்டவர் ஒரு துண்டை இருட்டில் நின்று, அதுவும் உடைந்தது என்று சாக்குச் சொல்லித் தின்ன வேண்டியிருக்கிறது.

காரணம் நான்தான். அம்மாவுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்த நாள் முதல் இந்த வீட்டின் இன்ஸ்பெக்டர் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். விருந்தாளி தட்டை நீட்டினால் அம்மா கை நீட்டும் முன்பே "அவருக்கு வேண்டாம், சர்க்கரை" என்பேன். அக்கறை என்றுதான் நினைத்தேன். நாலு பேர் முன்னால் ஒரு பெரிய மனுஷியைக் குழந்தையாக்குகிறேன் என்று தோன்றவில்லை.

இத்தனை காவல் போட்டும் பண்டிகை நாட்களில் காலை ரீடிங் ஏன் இறங்கவில்லை என்பது அன்றிரவு புரிந்தது. தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும். உடைந்தது, ஓரம் கருகியது, பதம் பார்க்க ஒன்று என்று போய்வந்து வாயில் போட்டதற்கு யார் கணக்கு வைத்தார்கள்? குற்ற உணர்ச்சி யாருடைய பசியையும் குறைத்து நான் பார்த்ததில்லை. தின்கிறவரைக் கதவுக்குப் பின்னால் தள்ளுவது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

என் கதையும் ஒன்றும் யோக்கியம் இல்லை. தீபாவளிக் காலை இட்லியும் கறிக்குழம்பும் எங்கள் வீட்டு வழக்கம். விடியற்காலை நான்கு மணிக்கே கறிக்கடை வரிசையில் நின்று வாங்கிவந்த கறி. அதைச் செல்பேசியில் வாழ்த்துகளுக்குப் பதில் போட்டுக்கொண்டே சாப்பிட்டேன். எத்தனை இட்லி என்று கேட்டால் தெரியாது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரக் கால் மணி, இருபது நிமிடம் ஆகும் என்பார்கள். நான் பத்து நிமிடத்தில் கை கழுவிவிட்டேன். பிறகு மதியம் முழுக்க வயிற்றைத் தடவிக்கொண்டு புலம்பல். கல்லூரிக்குப் போகும் அக்கா மகள் இன்னும் மோசம். ஒரு அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்று ஆப்பில் பார்த்தாள். பார்த்துவிட்டு வைத்துவிட்டாளா என்றால், அதுவும் இல்லை. தின்றாள், அபராதம் கட்டுகிறவள் முகத்தோடு.

பண்டிகை முடிந்த மறுநாளே 'டீடாக்ஸ்' விளம்பரங்கள் வந்து குவிகின்றன. உடம்பைச் சுத்தம் செய்ய, கல்லீரலும் சிறுநீரகமும் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலைக்குப் பாட்டிலில் அடைத்துப் பணம் கேட்கிறார்கள். நம் வீட்டில் இதற்கு என்று ஒன்று இருக்கவே இருக்கிறது, லேகியம். சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி, சித்தரத்தை எல்லாம் அரைத்து, வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறியது. எண்ணெய்க் குளியல் முடிந்ததும் உள்ளங்கையில் ஓர் உருண்டை. அது சர்க்கரையைக் குறைக்காது, அதிலும் வெல்லம்தான். ஆனால் அதைக் கொடுக்கிற கையில் கண்டிப்பு இருக்காது. இன்றைக்கு நன்றாகச் சாப்பிடப் போகிறாய், வயிற்றைத் தயார் செய்துகொள் என்பதுதான் அதன் அர்த்தம்.

அதற்காக இஷ்டத்துக்குத் தின்னலாமா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. சாதாரண விஷயம் இல்லை. ஆனால் அந்தப் பழியை வருடத்தில் இரண்டு நாள் வரும் பலகாரத் தட்டின் மேல் போடுவது அநியாயம். தினமும் நாலு டீ, குவித்து வைத்த வெள்ளைச் சோறு, எழுந்திருக்காத நாற்காலி ஆகியவற்றைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை.

இந்த வருடம் தீபாவளிக்கு முன்பே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். வழக்கம்போல நானே பேச ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா சாப்பிட ஆசை?" என்றார். பதினொரு வருடத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. அதிரசம் என்றார் அம்மா. ஒன்று சாப்பிடலாம், வெறும் வயிற்றில் வேண்டாம், அந்த வேளைக்கு இட்லியில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டபின் தெருவில் கொஞ்சம் நடங்கள், மாத்திரையை மறக்காதீர்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் மாற்றினோம். எங்கள் வீட்டில் முதல் பந்தி ஆண்களும் குழந்தைகளும். சமைத்தவர்கள் கடைசியில், ஆறிய இட்லியோடு, குழம்பில் மிஞ்சிய எலும்போடு உட்காருவார்கள். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லுங்கள் என்று எழுதுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் நன்றி சொல்ல வேண்டிய ஆள் கரண்டியோடு எதிரே நிற்கிறார். ஆகவே இந்த முறை அம்மாவும் என் மனைவியும் முதல் பந்தி. நானும் மகனும் பரிமாறினோம். குழம்பை இலைக்கு வெளியே கொட்டினேன், இட்லி ஒன்று விண்டு போனது, அது வேறு கதை.

அம்மாவுக்கு இது பழக்கமில்லை. இரண்டு முறை எழப் பார்த்தார், மனைவி முழங்காலைப் பிடித்து உட்கார வைத்தாள். இரண்டு இட்லி, கொஞ்சம் கறி. கடைசியில் அதிரசம் ஒன்றை, உடையாத முழு அதிரசமாகப் பார்த்து எடுத்து, இலையில் வைத்தேன். அவசரப்படாமல் விண்டு விண்டு சாப்பிட்டார். கால் பங்கு இருக்கும்போது கை நின்றது.

"இன்னும் ஒன்று வைக்கட்டுமா?" என்றான் என் மகன், தெரியாமல்.

"வேண்டாம்டா கண்ணு. பாகு ஒரு கம்பி முற்றிவிட்டது" என்று சொல்லி, மீதிக் கால் பங்கை இலையோரம் தள்ளிவைத்தார்.