விமானத்துக்கு எடை உண்டு, இயக்குநர்களே

விமானம் வருகிற படம் எதுவாக இருந்தாலும் பார்த்துவிடுவேன். பார்த்துவிட்டுத் திட்டவும் செய்வேன். கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் பாவம்தான். ஆனால் "அந்த வருஷம் அந்த மாடலே வரலையே" என்று குதிக்கிற ரகம் இல்லை நான். எந்த விமானத்தை வேண்டுமானாலும் எந்த விமானமாகவும் காட்டட்டும். அது எடையுள்ள பொருளாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

1986இல் வந்த டாப் கன் படத்தில் வில்லன்கள் ஓட்டுவது 'மிக்-28'. அப்படி ஒரு விமானம் உலகத்திலேயே கிடையாது. அமெரிக்காவின் சொந்த எஃப்-5க்குக் கறுப்பு பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, ஏனென்றால் அது நிஜமாகவே பறந்தது.

இன்னும் வேடிக்கை 1969இல் வந்த பேட்டில் ஆஃப் பிரிட்டன், இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் வானத்தில் மோதிய கதை. அதில் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஆக நடித்தவை ஸ்பெயினில் செய்த புச்சோன் விமானங்கள். அவற்றின் இன்ஜினோ இங்கிலாந்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின்! எதிரே வருகிற இங்கிலாந்துப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான். ஹெயின்கல் குண்டுவீச்சு விமானங்களும் ஸ்பெயின் தயாரிப்பு, அவற்றிலும் மெர்லின். பக்கவாட்டில் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். அசல் 109இல் இன்ஜின் தலைகீழாக இருக்கும், அதனால் புகைக்குழாய்கள் மூக்கின் கீழ்ப்பக்கம் வரும். புச்சோனில் அவை மேலே, கீழே தாடை மாதிரி ஒரு புடைப்பு வேறு தொங்கும். இவ்வளவு தெரிந்தும் அந்தப் படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன். அத்தனை விமானங்கள் ஒரே வானத்தில் ஒன்றையொன்று துரத்தும்போது நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன்.

இப்போதைய கிராஃபிக்ஸ் விமானங்களிடம் எனக்குச் சண்டையே இதில்தான். நிஜ போர் விமானம் திரும்ப வேண்டுமென்றால் முதலில் ஒரு பக்கம் சாய வேண்டும், அப்புறம் மூக்கை இழுக்க வேண்டும். இழுத்தால் வேகம் குறையும். ஈரக்காற்று உள்ள இடமென்றால் இறக்கைக்கு மேல் வெள்ளையாக ஆவி பொங்கி உடனே கலையும். தரையிறங்கும்போது வால் பகுதியைக் கவனித்திருக்கிறீர்களா? அந்தத் தட்டுகள் ஒரு நொடி சும்மா இருக்காது, மேலும் கீழும் துடித்துக்கொண்டே இருக்கும். படத்திலோ எதுவும் அசையாமல், விமானம் மட்டும் ஈ மாதிரி நினைத்த பக்கமெல்லாம் திரும்புகிறது. 2024இல் வந்த ஃபைட்டர் இந்திப் படத்தில் சுகோய் தரையில் நிற்கும் காட்சிகள் கண்ணுக்குக் குளிர்ச்சி. மேலே போனதும் வீடியோ கேம். டாப் கன் மேவரிக்கிலும் எதிரி விமானங்கள் கிராஃபிக்ஸ்தான். ஆனால் நடிகர்களை எஃப்-18இன் பின் சீட்டில் உட்காரவைத்து நிஜமாகவே மேலே கொண்டுபோனார்கள். ஜி விசையில், அதாவது வேகமாகத் திரும்பும்போது உடம்பை அழுத்தும் விசையில், கன்னம் தொங்குவதை எந்த மேக்கப்பாலும் கொண்டுவர முடியாது. அந்த ஒன்றுக்காகவே மிச்சக் கதையையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

சத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விமானம் கீழே விழுகிற காட்சி என்றாலே ஊளையிடும் ஒரு சத்தம் போடுகிறார்களே, அது இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் குண்டுவீச்சு விமானமான ஸ்டூக்காவில் கீழே இருப்பவர்களைப் பயமுறுத்தவே மாட்டிய சைரன். பயணிகள் விமானத்துக்கும் அதையே போட்டால் எப்படி?

தமிழில் சூரரைப் போற்று இருக்கிறதே என்பீர்கள். பிடித்த படம்தான். ஆனால் என் கணக்கில் அது டிக்கெட் விலையைப் பற்றிய படம்.

இந்த எடை விஷயம் நேரில் பார்த்தால் சொல்லாமலே புரியும். 2024 அக்டோபர் 6 மெரினா ஏர் ஷோவில் 72 விமானங்கள். ரஃபேல் வந்ததும் கூட்டம் கத்தியது, நானும் கத்தினேன். ஆனாலும் என் ஓட்டு பழைய சரக்கு விமானமான டகோட்டாவுக்குத்தான். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் படைகளைக் கொண்டுபோய் இறக்கிய அதே ரகம். ரஃபேல் எங்கே என்று தேடுவதற்குள் போய்விடுகிறது. டகோட்டாவோ காற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு இன்ஜினும் தடதடக்க மெதுவாக வருகிறது, ஆற அமரப் பார்க்கலாம். விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் ஒன்பது ஹாக் விமானங்களைவிடவா என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். ஆமாம், அதைவிடவும்தான்.

அன்றைக்கு வெயிலிலும் நெரிசலிலும் சிக்கி 5 பேர் இறந்துபோனதை விட்டுவிட்டுப் பேச முடியாது. அக்டோபர் வெயிலில் காலை 11 மணிக்கு ஆரம்பித்து மதியம் 1 மணி வரை லட்சக்கணக்கான ஜனங்களை மணலில் நிறுத்துவது எந்தக் கணக்கில் சேர்த்தி? விமானம் பார்க்கிறவன் கண்ணோடு பார்த்தாலும் அது தப்பான நேரம். மெரினாவில் நாம் பார்ப்பது கிழக்கே. சாயங்காலம் 4 மணிக்கு வைத்தால் வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், விமானத்தின் மேல் நேராக வெளிச்சம் விழும், போட்டோவும் நன்றாக வரும். குடிநீர், போக்குவரத்து ஏற்பாடெல்லாம் அதற்கும் முன்னால் யோசித்திருக்க வேண்டியவை.

"ஏர் ஷோவே வேண்டாம், அதுவும் ஆபத்துதானே" என்று ஒரு கட்சி இருக்கிறது. 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது சூர்யகிரணின் இரண்டு விமானங்கள் மோதி ஒரு விமானி இறந்தார். 2025 நவம்பரில் துபாய் ஏர் ஷோவில் நம் நாட்டுப் போர் விமானம் தேஜஸ் விழுந்து அதன் விமானி இறந்தார். தாழ்வான உயரத்தில் தவறு நடந்தால் சரிசெய்ய நேரமே கிடைக்காது, அங்கே எடை நமக்கு எதிரி. அதை அறிந்தேதான் விமானிகள் ஏறுகிறார்கள். நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் விபத்து நடந்த அடுத்த நாளே "ஓட்டத் தெரியலை", "விமானமே தகரம்" என்று வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதினார்களே, அவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. விசாரணை என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

சரி, எந்தப் படத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: அந்த 1969 படம்தான். கதை மெதுவாகத்தான் போகும், பேசுகிற காட்சிகளில் டீ போட்டுக்கொள்ளலாம். பறக்கிற காட்சி வந்தால் மட்டும் வால்யூமை முழுசாக ஏற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.